திரிந்த பால், ரப்பர் முட்டை, நைந்த பட்டு: புரதம் சொதப்பினால் எங்கே பார்ப்பது?

பால், முட்டை, மைதா, ஆட்டுக்கால், தலைமுடி, பட்டுப்புடவை, ஃப்ரிட்ஜில் இருக்கும் இன்சுலின். இவற்றில் எது கெட்டாலும் கண்ணுக்குத் தெரியும் கோளாறு வேறு வேறு. உள்ளே நடப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: புரதச் சங்கிலி மடிப்பு பிரிந்திருக்கும், பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டியிருக்கும், இல்லையென்றால் அறுந்திருக்கும்.

அமினோ அமிலங்களைக் கோத்த நீளச் சங்கிலிதான் புரதம். உருவானதும் பெரும்பாலான சங்கிலிகள் தங்களுக்கென்று உள்ள ஒரு வடிவத்தில் மடிந்துகொள்ளும். எண்ணெய்த்தன்மை உள்ள பகுதிகள் தண்ணீருக்குப் பயந்து உள்ளே போய்விடும், தண்ணீரோடு ஒத்துப்போகும் பகுதிகள் வெளியே நிற்கும். இந்த மடிப்பை ஏகப்பட்ட ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே நோஞ்சான், எண்ணிக்கையில்தான் பலம். சில புரதங்களில் இதற்கு மேல் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்த டைசல்ஃபைடு பாலங்களும் உண்டு. அவை உறுதியானவை.

பிரிந்த புரதம் திரும்ப மடியுமா? மடியும். கிறிஸ்டியன் அன்ஃபின்சென் என்ற அமெரிக்க விஞ்ஞானி, 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியை (என்சைம்) மடிப்பைக் கலைக்கும் யூரியாவில் போட்டு, அதன் நான்கு டைசல்ஃபைடு பாலங்களையும் உடைத்துப் பிரித்தார். யூரியாவை எடுத்துவிட்டுக் காற்றோட்டமாக விட்டதும் அது தானாகவே பழையபடி மடிந்து வேலை செய்தது. வடிவத்துக்கான குறிப்பு அந்த அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டியதற்காக 1972-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

அது ஆய்வகத்தில், நீர்த்த கரைசலில். சமையலறையில் கூட்டம் அதிகம். பிரிந்த சங்கிலிக்கு மடியவே இடமில்லாமல் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: பிரிந்ததா, ஒட்டியதா, அறுந்ததா? பிரிந்ததை மீட்கலாம். ஒட்டியதை வேறு ஏதாவதாக மாற்றிச் சாப்பிடலாம். அறுந்ததைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பால் காய்ச்சும்போதே திரிகிறது

நல்ல பால் எவ்வளவு கொதித்தாலும் திரியாது. பசும்பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். கேசீனுக்கு முட்டைப் புரதம் போல இறுக்கமான மடிப்பு கிடையாது. சூடு கலைப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயிரக்கணக்கான கேசீன் சங்கிலிகள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து குட்டிக் குட்டி உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. உருண்டையின் மேல்பரப்பில் கப்பா-கேசீன் என்ற வகை மயிர்க்கால் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் எதிர்மின்னூட்டம்தான் உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது.

புதுப் பாலின் பி.எச் (புளிப்பு அளவுகோல், புளிப்பு ஏறினால் எண் இறங்கும்) சுமார் 6.7. புளிப்பு ஏற ஏற அந்த மின்னூட்டம் தேயும். 4.6-ஐத் தொட்டால் அடுப்பே வேண்டாம், பச்சையாகவே உறைந்துவிடும். நடுவில் இருக்கும் பால்தான் ஆளை ஏமாற்றும். பாக்கெட்டில் நன்றாக இருக்கும், வாசனையும் வராது, சூடு ஏறியதும் திரிதிரியாகும். ஆக, திரிவது அடுப்பில் என்றாலும் கோளாறு நேற்றே தொடங்கியது. பாக்கெட் எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது, பாத்திரத்தில் பழைய பால் ஒட்டியிருந்ததா, இந்த இரண்டையும் பாருங்கள்.

சிலர் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டுத் தேற்றுவார்கள். வேண்டாம். புளிப்பு மறையும், புளிக்க வைத்த கிருமி எங்கேயும் போகாது. லேசாகத் திரிந்து, கெட்ட வாடை இல்லையென்றால் எலுமிச்சை பிழிந்து முழுதாகத் திரியவிட்டு வடிகட்டுங்கள், பன்னீர் ஆகிவிடும்.

வெல்லப் பாயசத்தில் மட்டும் திரிகிறதா? வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பு உண்டு. அதோடு பால் கொதித்துக்கொண்டிருந்தால் வம்புதான். அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு வெல்லப்பாகை ஊற்றினால் தப்பிக்கலாம்.

இஞ்சி டீயில் மட்டும் திரிகிறது

பால் நல்ல பால், சாதா டீயில் சரியாக வருகிறது, இஞ்சி தட்டிப்போட்டால் மட்டும் திரிகிறது என்றால் குற்றவாளி இஞ்சிதான். பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெய்ன் என்ற புரதம் வெட்டும் நொதி இருக்கிறது. அது அந்த மயிர்க்கால் கப்பா-கேசீனைச் சிரைத்துவிடும், உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். சீனாவின் குவாங்தோங் பகுதியில் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: சூடான இனிப்புப் பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றினால் சில நிமிடங்களில் புட்டிங் மாதிரி உறைகிறது. அங்கே பலகாரம், நமக்கு டீ போச்சு.

நொதியும் புரதம்தான், அதற்கும் மடிப்பு உண்டு, கொதியில் அதுவும் பிரியும். எனவே இஞ்சியைத் தண்ணீரில், தூளோடு சேர்த்து நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் ஊற்றுங்கள். ஆறின பாலில் இஞ்சியைத் தட்டிப்போட்டு மெல்ல சூடேற்றுவதுதான் மிக மோசமான வழி. நொதிக்குப் பிடித்த 60 டிகிரியை ஆற அமரக் கடந்து போகும்.

தயிர் உறையவில்லை, அல்லது தண்ணீர் விடுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறு. உறையவே இல்லையென்றால் கிருமிப் பிரச்சினை: பால் கொதிக்கக் கொதிக்க உறை ஊற்றியிருப்பீர்கள், அல்லது மார்கழிக் குளிரில் சில்லென்ற பாலில் ஊற்றியிருப்பீர்கள். விரல் பொறுக்கும் சூடு, 40 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். இரண்டும் சரியாக இருந்தும் உறையாவிட்டால் பாலை மாற்றிப் பாருங்கள். மாட்டுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் பாலில் கலந்திருந்தாலும் உறை பிடிக்காது.

உறைந்த பிறகு தண்ணீர் பிரிந்தால் அது புரதப் பிரச்சினை. பாலில் கேசீன் போக மீதியில் முக்கியமானது பீட்டா-லாக்டோகுளோபுலின். இது நன்றாக மடிந்த புரதம். 70 டிகிரியைத் தாண்டினால் பிரியத் தொடங்கும், உள்ளே ஒளிந்திருந்த கந்தகக் கை வெளியே வரும், கேசீன் உருண்டை மேல் டைசல்ஃபைடு பாலம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பூச்சு பூசிய உருண்டைகள் பிற்பாடு உறையும்போது வலை நெருக்கமாக விழும், தண்ணீரை விடாது. பொங்கின உடனே அடுப்பை அணைத்தால் இது முழுசாக நடக்க நேரமில்லை. பொங்கிய பின் சிறுதீயில் பத்து நிமிடம் விட்டால் கத்தியால் வெட்டுகிற தயிர் வரும். இங்கே பிரிவதும் ஒட்டுவதும் நமக்கு வேண்டியவை.

நூல் நூலாகக் கொழகொழவென்று வந்தால் புரதத்தின் மேல் பழி போடாதீர்கள். அது சில பாக்டீரியா சுரக்கும் சர்க்கரைப் பசை. வேறு வீட்டு உறைமோர் வாங்கி ஊற்றுங்கள். ஆட்டுப்பால் தயிர் தளர்வாகவே வரும், அதன் கேசீன் கலவை அப்படி.

முட்டை ரப்பராகிறது

முட்டை வெள்ளையில் பல புரதங்கள் உண்டு, ஒவ்வொன்றும் பிரிவது வேறு வேறு சூட்டில். ஓவோடிரான்ஸ்ஃபெரின் 61 டிகிரி வாக்கிலேயே பிரிந்து ஒட்டத் தொடங்கும். பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80-ஐத் தாண்டினால்தான் அசையும். மஞ்சள் கரு 65-இல் கெட்டியாகத் தொடங்கி 70-இல் நிற்கும்.

கலக்கி போடும் மாஸ்டரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு முழுக்கத் தெரியும். சால்னா கலந்து அடித்த முட்டையைச் சூடான கல்லில் ஊற்றுவார். ஓரம் வெள்ளையாகும், அடி லேசாகப் பிடிக்கும், மேலே இன்னும் ஈரம் மினுமினுக்கும். அந்த நொடியில் கரண்டியால் நாலு பக்கமும் மடித்து வாழையிலைத் துண்டில் தள்ளிவிடுவார். முதல் புரதங்கள் வலை பின்னிவிட்டன, ஓவால்புமின் இன்னும் முழுசாகப் பிரியவில்லை. இன்னும் அரை நிமிடம் விட்டால் அதுவும் பிரிந்து ஒட்டும், வலை சுருங்கும், பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தட்டில் தண்ணீர் தேங்கி, வாயில் ரப்பர் கடிபடுவது அதனால்தான்.

எனவே முட்டைப் பொரியல், ஆம்லெட் எதுவானாலும் முழுசாக வெந்தபின் இறக்காதீர்கள், கொஞ்சம் முன்னாலேயே இறக்குங்கள். பாத்திரச் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு மட்டும் இந்தச் சுவைக் கணக்கு வேண்டாம், கெட்டியாக வேகட்டும்.

மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் அதிக நேரம் வேகவைத்திருக்கிறீர்கள். வெள்ளைப் புரதத்தின் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறி, கருவில் உள்ள இரும்போடு சேர்ந்த இரும்பு சல்ஃபைடு அது. கெடுதல் இல்லை. வெந்த உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் வராது.

ஓடு உரியும்போது வெள்ளையும் பிய்ந்துகொண்டு வருகிறதா? முட்டை ரொம்பப் புதுசு. இட்ட முட்டையிலிருந்து கரியமில வாயு மெல்ல ஓடு வழியே வெளியேறும், வெள்ளையின் காரத்தன்மை ஏறும், சவ்வோடு உள்ள பிடிப்பு தளரும். நாலைந்து நாள் ஆன முட்டையை அவியலுக்கு வையுங்கள். புதுசுதான் இருக்கிறது என்றால் பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றாமல், கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் மெல்ல இறக்குங்கள்.

வெந்த முட்டையை வேகாத முட்டையாக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2015-இல் கலிபோர்னியா, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து வெந்த வெள்ளையை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் குழாயில் மெல்லிய படலமாக்கி, அதிலிருந்த லைசோசைம் புரதத்தைத் திரும்ப மடிய வைத்தார்கள். ஆம்லெட்டுக்கு உதவாது, மருந்துப் புரதம் தயாரிப்பவர்களுக்கு உதவும்.

பரோட்டா மாவு இழுத்தால் சுருங்கிக்கொள்கிறது

கோதுமையின் குளுட்டெனின் என்ற புரதச் சங்கிலிகள் டைசல்ஃபைடு பாலங்களால் இணைந்து பெரிய வலையாகின்றன, அதுதான் ரப்பர் குணம். கிளையாடின் என்ற இன்னொரு புரதம் நடுவே புகுந்து நெகிழ்வு தருகிறது. பிசைந்த உடனே வலை முறுக்கேறி இருக்கும், இழுத்தால் திரும்ப ஓடும். மேலும் பிசைந்தால் இன்னும் மோசம். எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். சங்கிலிகள் ஒன்றையொன்று நழுவி இளகும், பிறகு காகிதம் மாதிரி வீசலாம். இழுத்தால் கிழிகிறது என்றால் நேர் எதிர்: பிசைந்தது போதவில்லை, அல்லது தண்ணீர் குறைவு. அரிசி மாவில் இந்தப் புரதமே இல்லை, அதனால்தான் இடியாப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றி ஸ்டார்ச்சை நம்புகிறோம்.

ஜெல்லி உறையவில்லை, கறி கூழாகிவிட்டது

இரண்டும் அறுந்த கேஸ். பச்சை அன்னாசியில் புரோமெலெய்ன், பப்பாளிக்காயில் பப்பைன், இரண்டும் புரதம் வெட்டும் நொதிகள். ஜெலட்டினில் பச்சை அன்னாசி போட்டால் நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தாலும் தண்ணீர்தான். டின் அன்னாசி பயன்படுத்துங்கள், சூட்டில் அதன் நொதி செத்திருக்கும். அல்லது கடல்பாசிக்கு மாறுங்கள், அது புரதமே அல்ல, நொதிக்கு அங்கே வேலையில்லை. பப்பாளிக்காய் விழுதைக் கறியில் தடவி மறந்துபோய் மறுநாள் பார்த்தால் மேல்பக்கம் பேஸ்ட் ஆகியிருக்கும். மீட்க வழியில்லை, கைமா கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ஆட்டுக்கறி மூன்று விசில் விட்டும் வேகவில்லை

பெரும்பாலும் வெந்துவிட்டது, இளகத்தான் இல்லை. தசைப் புரதம் 60 டிகிரியைத் தாண்டும்போதே பிரிந்து ஒட்டிச் சுருங்கி, தண்ணீரைப் பிழிந்துவிடும். அந்தக் கட்டத்தில் எடுத்தால் எந்தக் கறியும் முரடுதான். அதை மெத்தென்று ஆக்குவது இரண்டாவது வேலை: தசைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் கரைவது.

கொலாஜனின் அமைப்பு சென்னையில் துலங்கியது. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய அமைப்பை முன்வைத்தார்கள், அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, முப்புரி முறுக்குக் கயிறாக்கினார்கள். கயிறு இறுக வேண்டுமென்றால் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசீன் வர வேண்டும். அமினோ அமிலங்களிலேயே சிறியது அதுதான், கயிற்றின் நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடிய முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இன்றும் உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

சமையலுக்கு வருவோம். ஈரச் சூட்டில், நேரம் எடுத்து, அந்த முப்புரி பிரிந்து தனித்தனி இழைகளாகும். அதுதான் ஜெலட்டின். ஆட்டுக்கால் பாயா உதட்டில் ஒட்டுவதும், மீதி பாயா ஃப்ரிட்ஜில் அல்வா மாதிரி உறைவதும் அதனால்தான். வயதான ஆட்டில் கொலாஜன் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குக் கட்டுகள் கூடியிருக்கும், அதற்கு விசில் அதிகம் வேண்டும். முரடாக இருந்தால் தீயைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். மீனில் கொலாஜனும் குறைவு, அதன் கயிறும் குறைந்த சூட்டிலேயே பிரியும். மீன் குழம்பைக் கிளறினால் உடைவது அதனால்தான். கொதி வந்ததும் சட்டியைப் பிடித்து ஆட்டுவதோடு நிறுத்துங்கள்.

கொலாஜன் பவுடர் குடித்தால் அது நேராகத் தோலுக்குப் போய்விடும் என்று விற்கிறார்கள். வயிற்றுக்குள் போனதும் அது வெட்டுப்பட்ட புரதம்தான். உடல் தன் கொலாஜனைத் தானேதான் முறுக்குகிறது, அதற்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் போனால் கயிறு இறுகாது, ஈறு கசியும், ஆறின புண்ணும் பிரியும். அந்தக் காலக் கப்பலோட்டிகளைக் கொன்ற ஸ்கர்வி அதுதான். என்னைக் கேட்டால் பவுடர் காசுக்கு நெல்லிக்காய் வாங்கலாம்.

அயர்ன் செய்த முடி மழையில் பழையபடி சுருள்கிறது

கோளாறே அல்ல. முடியின் புரதமான கெரட்டினைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு: ஹைட்ரஜன் பிணைப்பு, டைசல்ஃபைடு பாலம். சூடு முதலாவதை மட்டும் கலைத்துப் புது இடத்தில் பூட்டுகிறது. ஈரம் பட்டதும் பூட்டு திறந்துவிடும். பார்லரில் நிரந்தரமாகச் செய்வது இரண்டாவதை ரசாயனத்தால் உடைத்து, புது வடிவத்தில் வைத்துத் திரும்பப் பூட்டுவது. அடிக்கடி செய்தால் எல்லாப் பாலங்களும் திரும்பச் சேராது, முடி பிய்யும்.

ஈர முடியில் அயர்ன் வைக்கவே வைக்காதீர்கள். ஈரத்தில் கெரட்டின் குறைந்த சூட்டிலேயே உருக்குலையும், உள்ளே நீராவி கொப்பளிக்கும். ‘கெரட்டின் ட்ரீட்மென்ட்’ போடும்போது கண் எரிந்து மூச்சு முட்டினால் எழுந்து வெளியே வாருங்கள். சில தயாரிப்புகளில் முடியை நேராக நிறுத்துவது ஃபார்மால்டிஹைடு. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

பட்டு நைகிறது, மஞ்சள் படிகிறது

பட்டுப் புரதமான ஃபைப்ரோயினில் பெரும்பகுதி கிளைசீனும் அலனீனும் மாறி மாறி வரும் சங்கிலி. அடுக்கடுக்காகத் தகடு போல நெருங்கிப் படிந்திருப்பதால் இழுவைக்கு அவ்வளவு பலம். ஆனால் காரத்துக்கும் பிளீச்சுக்கும் தாங்காது, குளோரின் பிளீச்சில் போட்டால் கரைந்தே போகும். நொதி கலந்த சலவைத்தூளில் இருப்பது புரதம் வெட்டும் நொதி. சட்டையில் முட்டைக் கறையை எடுப்பது பட்டையும் கடிக்கும். சலவைத்தூள் பாக்கெட்டில் என்சைம் என்று போட்டிருந்தால் பட்டுக்கு வேண்டாம். வெயிலில் உலர்த்தினால் சங்கிலியில் உள்ள டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலங்கள் சிதைந்து மஞ்சள் படியும். நிழலில் போடுங்கள். மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் அந்த மடிப்பிலேயே இழை விடும், அவ்வப்போது மாற்றி மடியுங்கள்.

வாங்கியதே பட்டுதானா என்ற சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் புரதம். உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியெஸ்டர்.

ரத்தக்கறை, பால் கறைக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள். சூட்டில் புரதம் நூலோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் சோப்பு.

இன்சுலின் மங்கலாக இருக்கிறது

இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 51 அமினோ அமிலம், இரண்டு சங்கிலி, மூன்று டைசல்ஃபைடு பாலம் கொண்ட சின்னப் புரதம் இன்சுலின். சூடு, குலுக்கல், உறைபனி மூன்றுமே அதன் மடிப்பைக் கலைத்து, இழை இழையாக ஒட்டவைக்கும். ஒட்டியது வேலை செய்யாது, ஊசி போட்டும் சர்க்கரை இறங்காது. தெளிவாக இருக்க வேண்டிய வகை மங்கியிருந்தால் தூக்கிப்போடுங்கள். என்.பி.எச், கலவை வகைகள் இயல்பிலேயே பால் போலத்தான் இருக்கும். அவற்றை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டுங்கள், குலுக்கக் கூடாது. உருட்டியும் கட்டி கட்டியாக நின்றாலோ, குப்பிச் சுவரில் வெள்ளையாகப் படிந்தாலோ அதுவும் போச்சு.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி. ஃப்ரீசரிலும் அதன் அடியை ஒட்டியும் வைக்காதீர்கள், கதவுத் தட்டு பரவாயில்லை. ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பின் தெளிவாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். திறந்து பயன்படுத்துவதைப் பெரும்பாலும் நாலு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம், உங்கள் வகைக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் உண்டு. சித்திரை வெயிலில் காரிலோ பைக் பெட்டியிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். சர்க்கரை திடீரென்று எகிறினால் டோஸைக் கூட்டும் முன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், டாக்டருக்குப் போன் செய்யும்போது அதையும் சொல்லுங்கள்.